கற்பூரத்துக்குப் பிறகு கருவாடு

நல்லூர்த் திருவிழா நாட்களில் கற்பூரம் வாங்கியவர், ஒரு கிழமைக்குள் கருவாடு வாங்குகிறார். இப்படி ஆறு பேர். என் மடிக்கணினி சொன்னது இதைத்தான்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காசு லாச்சியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை உனக்கு உதைச் சொன்னது?"

"கணினியப்பா."

"அதுக்கு விசர்."

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் எங்கள் ஒழுங்கையில் அநேகமான வீடுகளில் மச்சம் இல்லை. முட்டைகூட வாங்க மாட்டார்கள். கருவாட்டுப் பெட்டியை அப்பாவே முன்பக்கத்திலிருந்து எடுத்து, கடைக்குப் பின்னால் உள்ள அறையில் வைத்துவிடுவார். இருந்தும் ஆறு பேர் கற்பூரத்துக்குப் பிறகு கருவாடு வாங்கியிருப்பதாக என் நிரல் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆறு பேரைத் தேடிப்போன கதைதான் இது. நான் தேடிப்போனது கருவாட்டை, கண்டுபிடித்ததில் பாதி பெயர்களைப் பற்றியது.

கடை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், கே.கே.எஸ். வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. சின்னப் பலசரக்குக் கடை. அப்பாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தபோது இரண்டு கிழமை நான் கடையைப் பார்த்தேன். அந்த இரண்டு கிழமையும் பெரிய தோல்வி. உழுந்து முடிந்துவிட்டது, நல்லெண்ணெய் முடிந்துவிட்டது, யாரும் கேட்காத சவர்க்காரம் மட்டும் பெட்டி பெட்டியாக இருந்தது. எந்தச் சாமான் எந்தச் சாமானுக்குப் பின்னால் வரும், எந்த விரதத்துக்கு எத்தனை நாள் முன்னால் எதை எடுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது. அது வேறெங்கும் எழுதப்படவில்லை. ஆனால் 2020இல் வாங்கிய பில் இயந்திரத்துக்குள் நான்கு வருடப் பதிவு இருந்தது. படித்த படிப்புக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று உட்கார்ந்தேன்.

எங்கள் பள்ளிக் கணிதப் புத்தகத்தில் 'எண் கோலங்கள்' என்று ஒரு பாடம் வரும். இரண்டு, நான்கு, ஆறு, அடுத்தது என்ன என்று கேட்பார்கள். நான் செய்ய நினைத்ததும் அதே பாடம், எண்ணுக்குப் பதிலாகச் சாமான்கள். ஒருவர் முதலில் எதை வாங்கினார், பிறகு எதை, அதற்குப் பிறகு எதை என்று ஆளுக்கொரு வரிசையாக அடுக்க வேண்டும். பிறகு பல பேருடைய வரிசையில் திரும்பத் திரும்ப வரும் கோலத்தைத் தேட வேண்டும். 1995இல் ஐபிஎம் அல்மாடென் ஆய்வகத்திலிருந்து ராகேஷ் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் எழுதிய கட்டுரைதான் இந்தக் கேள்வியை ஒழுங்காக வரையறுத்தது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் கடைக் கணக்குத்தான்: வாடிக்கையாளர், நேரம், வாங்கிய பொருட்கள். ஒரு கோலத்துக்கு எவ்வளவு ஆதரவு இருக்கிறது என்பதை எத்தனை வாடிக்கையாளரின் வரிசையில் அது வருகிறது என்று எண்ணுவார்கள். ஒருவர் அதையே ஐம்பது தரம் செய்தாலும் ஒரு வாக்குத்தான். ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பில் இருக்காது என்று அந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பொருளின் அளவையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

வாசிக்கும்போது நேர்மையான எடுகோள்களாகத்தான் தெரிந்தன. எங்கள் கடையில் மூன்றும் உடைந்தன.

முதலில் பில்கள். 2022இன் மின்வெட்டுக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். பில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விடும். பில் உள்ளே பதிவாகிவிட்டதா இல்லையா என்று அப்பாவுக்குத் தெரியாது. ஆகவே கொப்பியில் எழுதிவைத்து, மின்சாரம் வந்த பிறகு இன்னொரு தரம் அடிப்பார். ஒரே கொள்வனவு, இரண்டு பில். இதை நான் முன்னமே எதிர்பார்த்திருந்தேன். ஒரே பெயர், ஒரே சாமான், ஒரே தொகை, பத்து நிமிட இடைவெளி என்றால் ஒன்றை அழித்துவிடு என்று ஒரு விதி எழுதினேன். ஓடவிட்டேன். நூற்றுக்கணக்கில் அழிந்தன. சுத்தமாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

பிறகு எதேச்சையாக அழிந்தவற்றின் பட்டியலைப் பார்த்தேன். அதில் முக்கால்வாசி பால்மா.

பால்மாத் தட்டுப்பாடு வந்தபோது அப்பா ஆளுக்கு ஒரு பைக்கற் என்று வைத்திருந்தார். வீட்டில் நான்கு பேர் என்றால் முதலில் தாய் வருவார், அவர் போனதும் மூத்த பிள்ளை வரும், பிறகு இளையது வரும். மூன்று பேரும் ஒரே வீட்டுக் கணக்கில் எழுதச் சொல்வார்கள். ஒரே பெயர், ஒரே 400 கிராம், ஒரே விலை, ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பில். என் விதியின்படி அது இயந்திரத்தின் தவறு. உண்மையில் அதுதான் அந்த வருடத்தின் மிக நேர்மையான பதிவு. அப்பாவுக்கு அது சிரிப்பாக இருந்தது. "அண்டைக்குச் சின்னன் வந்து, 'நான் வேற ஆள், எனக்கொண்டு தாங்கோ' எண்டு நிண்டது. நீ அதைப் பொய் எண்டு அழிச்சுப்போட்டாய்."

மின்வெட்டு இரட்டையையும் பால்மா இரட்டையையும் எப்படிப் பிரிப்பது? பதிவுக்குள் மட்டும் பார்த்தால் வழியில்லை, இரண்டும் அச்சு ஒன்றுபோல இருக்கின்றன. காப்பாற்றியது கடன் கொப்பி. கொப்பியில் நிலுவை கூடிக்கொண்டு போகும். பில்லில் இரண்டு தரம் இருந்து கொப்பியில் ஒரு தரம் மட்டும் தொகை ஏறியிருந்தால் அது மின்வெட்டு. கொப்பியிலும் இரண்டு தரம் ஏறியிருந்தால் அது நடந்த விஷயம். இரண்டு பதிவு ஒன்றா என்று கேட்க, அந்த இரண்டுக்கும் வெளியே நிற்கும் மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும். அதை நான் அன்றைக்கு அந்த எண்ணெய்க்கறை படிந்த கொப்பியில்தான் படித்தேன்.

பாண் இன்னொரு தொல்லை. கடைக்குக் காலையில் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் பாண் வரும். காலையில் ஓர் இறாத்தல், பின்னேரம் ஓர் இறாத்தல் வாங்கும் வீடுகள் இருக்கின்றன. பில்லில் திகதியை மட்டும் பார்த்து நேரத்தை விட்டுவிட்டால் அதுவும் இரட்டைபோலத் தெரியும். இங்கே அந்த 1995 வரையறையின் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அளவு கணக்கில் வராது என்பதால், ஒரே பில்லில் இரண்டு இறாத்தல் பாண் வாங்கினால் அது வெறும் பாண். காலையில் ஒன்றும் பின்னேரம் ஒன்றும் வாங்கினால் 'பாணுக்குப் பிறகு பாண்' என்று ஒரு கோலம். வீட்டுக்குப் போன பாணின் அளவு ஒன்றுதான், கணக்குக்கு இரண்டும் வேறு. சாதாரணப் பட்டியலில் ஒரு வரி திரும்ப வந்தால் குப்பை என்று தள்ளிவிடலாம். வரிசையில் திரும்ப வருவதைத்தான் நாங்கள் தேடுகிறோம். தேடும் பொருளையே குப்பை என்று கூட்டித் தள்ளும் அபாயம் இந்த வேலையில் எப்போதும் இருக்கிறது.

சரி, பில்களை ஒருவாறு முடித்தேன். அடுத்தது பெயர்கள். இங்கேதான் ஒரு மாதம் போனது.

காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்குப் பெயர் இல்லை, கடன் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டுந்தான் பெயர். நான்கு வருடத்தில் 412 பெயர். ஒழுங்கையில் அத்தனை வீடு இல்லை. அப்பா ஓர் ஆளை எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படித்தான் அடித்திருக்கிறார். 'மணி', 'மணியம்', 'மணியண்ணை', 'மணி ஐயா', 'சி. மணியம்', 'சுன்னாகத்து மணி', 'மணி பழைய வீடு'. இதில் எத்தனை ஆள்? வசந்தி ரீச்சர் வந்தால் 'வசந்தி ரீச்சர்', அவருடைய கணவர் வந்தால் 'ரீச்சர் அவர்', பிள்ளை வந்தால் 'ரீச்சர் வீடு'. மூன்று பெயர், ஒரு கணக்கு, மாதக் கடைசியில் ஒரே ஆள் வந்து கட்டுவார்.

பெயர்களை ஒப்பிடுவதற்கு எல்லோரும் முதலில் எடுக்கும் ஆயுதம் சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் வரையறுத்த தூரம். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. எண்ணிப் பார்த்தேன். மணியை மதியாக்க ஒரு மாற்றம் போதும். மணியை மணியமாக்க இரண்டு எழுத்துச் சேர்க்க வேண்டும், கணினிக்கு மெய்யின் புள்ளியும் தனியான குறி என்பதால் அதன் கணக்கில் மூன்று. ஆக, மணியும் மணியமும் ஒராள் என்பதைவிட, மணியும் மதியும் ஒராள் என்பதே அதற்குக் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. மதி எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வயதுப் பெடியன். மணி ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது.

எழுத்தைப் பற்றிப் பேச வெளிக்கிட்டால் இன்னொரு கிணறு திறக்கும். கடைப்பதிவில் 'கொக்குவில்' என்ற சொல்லே இரண்டு விதமாக இருந்தது. திரையில் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் இல்லை. ஒன்றில் 'கொ' என்பது ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று. மற்றதில் ககரத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடு இரண்டையும் ஒன்றென்றே ஏற்கிறது, ஒரே எழுத்தின் இரண்டு வடிவத்தை ஒன்றாக்கும் இயல்பாக்கம் என்ற வேலையைச் செய்தால் ஒன்றாகிவிடும். ஆனால் செய்யாமல் ஒப்பிட்டால் கொக்குவிலும் கொக்குவிலும் வேறு ஊர். அதற்கு ஒரு வரி நிரல் போதும், சரி. 'கௌரி' அக்காவுக்கு அதுவும் போதாது. ஔகாரக் குறியைப் போடாமல் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரி' என்று அடித்திருந்தால், கண்ணுக்கு ஏறக்குறைய அதே பெயர், கணினிக்கு 'கெ-ள-ரி'. இயல்பாக்கம் அதைத் தொடாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. எங்கள் பில் இயந்திரத்தில் கௌரி அக்கா இரண்டு பேராக வாழ்ந்துகொண்டிருந்தார், ஒருவர் கேதாரகௌரி விரதத்துக்குச் சாமான் வாங்கினார், மற்றவர் அதற்கான காசைக் கட்டினார்.

பழைய கோப்புகள் சில பாமினி எழுத்துருவில் இருந்தன. எங்கள் பக்கத்தில் கணினியில் தமிழ் அடித்துப் பழகிய ஆட்களுக்குப் பாமினி என்றால் கைப்பழக்கம். அதில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் அது யாரோ விசைப்பலகையில் கைதவறி அடித்ததுபோல இருக்கும். ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

ஆங்கிலத்தில் அடித்த பெயர்களோ தனிக் கூத்து. 1918இல் ராபர்ட் ரசல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற முறை, பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதி ஒலிகளை இலக்கமாக்கும். ஒரேமாதிரி ஒலிக்கும் பெயர்கள் ஒரே குறியீட்டில் விழும் என்பது நம்பிக்கை. வசந்தியை 'வீ' போட்டுத் தொடங்குவோரும் உண்டு, 'டபிள்யூ' போட்டுத் தொடங்குவோரும் உண்டு. தேவியை Devi என்று எழுதுவதா Thevi என்று எழுதுவதா என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு. முதல் எழுத்திலேயே பிழைத்துவிட்டால் பிறகு இலக்கம் என்ன செய்யும்? தமிழ் ஒலியை வைத்துப் பார்த்தால் அந்த முறை எங்களுக்குச் சரிவராது என்பது என் முடிவு. திருத்தி எழுதிப் பார்த்தேன், பிரயோசனம் குறைவு.

அடையாள அட்டை எண் இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை என்று நினைப்பீர்கள். அங்கும் ஓர் ஆளுக்கு இரண்டு எண். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016இலிருந்து வரும் அட்டையில் 12 இலக்கம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதை வரவழைக்க விதி இருக்கிறது. முன்னால் 19 போட்டு, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தைக் கழற்றிவிட்டால் சரி. 'மணி பழைய வீடு' என்பதை 'சி. மணியம்' ஆக்க அப்படி விதி கிடையாது. பலசரக்குக் கடையில் பருப்பு வாங்க வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்கவும் முடியாது.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய கட்டுரை. 1969இல் கனடாவின் அரச புள்ளிவிவரப் பணியகத்தில் இருந்த ஐவன் ஃபெலெகியும் ஆலன் சண்டரும் எழுதியது. 1983க்குப் பிறகு எங்கள் ஆட்கள் அங்கே போய் இறங்கி, ஒரே பெயரை முதற்பெயர், கடைசிப்பெயர் என்று வெட்டிக் கொடுக்க வேண்டிவந்ததற்கு 14 வருடம் முன்னர். (என் பெரியப்பாவின் மகன் அங்கே தன் தகப்பனின் பெயரால்தான் அழைக்கப்படுகிறார். கடிதம் எல்லாம் பெரியப்பாவுக்கு வருவதுபோலவே வரும்.) அந்தக் கட்டுரையில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. ஒன்று, எல்லாப் பொருத்தமும் சமமல்ல. இரண்டு பதிவிலும் 'மணி' என்று இருந்தால் அதற்கு எடை குறைவு, ஒழுங்கைக்கு மூன்று மணி இருக்கிறார்கள். இரண்டிலும் 'திரிபுரசுந்தரி' என்று இருந்தால் எடை அதிகம். மற்றது, முடிவு இரண்டு அல்ல, மூன்று. ஒன்றுதான், வேறுதான், அல்லது மனிதர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது குவியலை நான் முதலில் வெறுத்தேன். மொத்த எடைக்கு ஒரு வரம்பை வைத்து, அதற்கு மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் வேறு என்று நறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. 412 பெயரைச் சோடி சோடியாக ஒப்பிட்டால் 84,666 சோடி. அவற்றில் சந்தேகமானவற்றை யார் உட்கார்ந்து பார்ப்பது? அதனால்தான் வரம்பைத் தளர்த்தி எல்லாவற்றையும் தானாகச் சேர்க்கவிட்டேன். அந்தத் தளர்ச்சியிலிருந்துதான் கற்பூரத்துக்குப் பின்னால் கருவாடு வந்தது.

பெயர் பிழைத்தால் கோலம் எப்படிப் பிழைக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓராளை இரண்டாக உடைத்தால் அவருடைய சங்கிலி அறுகிறது. அவர் செய்ததில் பாதி ஒரு பெயரில், பாதி மற்றப் பெயரில். உண்மையான கோலம் ஒன்று காணாமல் போகிறது, காணாமல் போனது யாருக்கும் தெரியாது. இரண்டு பேரை ஒன்றாகச் சேர்த்தால் வேறுவிதமான தீங்கு. ஒருவர் திங்கள் வாங்கியதும் மற்றவர் புதன் வாங்கியதும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து விழுகின்றன. நடக்காத ஒன்று நடந்ததுபோல எழுந்து நிற்கும். முதல் பிழை ஊமை, இரண்டாவது வாயாடி. நான் வாயாடியைப் பிடித்தது என் கெட்டித்தனத்தால் அல்ல, அது கருவாடு என்றபடியால். கற்பூரத்துக்குப் பிறகு சாம்பிராணி என்று வந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன், அப்பாவும் நம்பியிருப்பார்.

ஆகவே வரம்பை இறுக்கி, சந்தேகச் சோடிகளை அச்சடித்து, கடை பூட்டிய பிறகு அப்பாவின் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உது ரெண்டும் வேற ஆக்கள். இவர் கோயில் ஐயா, அவர் லொறி ஓடுறவர்."

"இது?"

"இது ஒராள். கலியாணம் முடிச்சு அங்கால வீட்டுக்குப் போட்டா. பேருக்கு முன்னால வேற இனிசல் வந்திட்டுது."

"இது எப்பிடியப்பா தெரியும்? பேர் ஒண்டு, முகவரியும் ஒண்டு."

"இவ சீனி வாங்கமாட்டா. சீனி வருத்தம். அது மருமகள்."

இந்தக் கடைசிப் பதில் என்னைக் கொஞ்சம் நிறுத்திவைத்தது. அப்பா பெயரைப் பார்க்கவில்லை, வரிசையைப் பார்க்கிறார். என்ன வாங்குகிறார், எதை ஒருநாளும் வாங்குவதில்லை என்பதை வைத்து ஆளை அடையாளம் காண்கிறார். அதையே நிரலாக எழுதினால் என்ன என்று ஆசை வந்தது. இரண்டு பெயரின் கொள்வனவு வரிசைகள் ஒத்துப்போனால் ஒராள் என்று சேர்த்துவிடலாம். எழுதவும் தொடங்கினேன், பாதியில் விட்டேன். ஒரேமாதிரி வாங்குகிறார்கள் என்பதற்காக இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு, பிறகு அதே பதிவில் எல்லோரும் ஒரேமாதிரி வாங்குகிறார்கள் என்று கண்டுபிடித்தால், நான் உள்ளே வைத்ததை நானே வெளியே எடுக்கிறேன். அப்பா செய்யலாம், அவருக்கு அந்த மனிதரின் முகம் தெரியும். என் நிரலுக்கு வரிசையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

நான்கு இரவில் முடிந்தது. 412 பெயர், 287 கணக்கு.

அதற்குப் பிறகு பொருட்களின் பெயரையும் இதேபோல ஒன்றாக்கினேன். 'அங்கர்', 'பால்மா', 'மா 400' எல்லாம் ஒன்று என்பதில் கஷ்டம் இல்லை. அது ஒரு பின்னேர வேலை.

மூன்றாவது இரட்டை, முடிவுகளிலேயே இருந்தது. ஆடிப்பிறப்புக்கு முந்திய கிழமையை எடுங்கள். கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் முதலில் பச்சையரிசி, பிறகு ஒரு நாளில் பயறும் பனங்கட்டியும், கடைசியாகத் தேங்காய். இந்த ஒரு கோலம் கிடைத்தால் அதற்குள் அடங்கிய துண்டுகளும் கூடவே கிடைக்கும்: அரிசிக்குப் பிறகு தேங்காய், பயறுக்குப் பிறகு தேங்காய், அரிசிக்குப் பிறகு பனங்கட்டி. நான்கு பொருளுக்கு 15 வரி. பத்துப் பொருள் என்றால் 1,023. எல்லாமே உண்மை, எல்லாமே ஒரே செய்தி. முதல் நாள் எனக்கு வந்த முடிவுப் பட்டியலை அச்சடித்திருந்தால் கடையில் சுருள் சுற்ற ஒரு வருடத்துக்குத் தாள் கிடைத்திருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. ஒரு சிறிய கோலத்தைப் பெரிய கோலம் ஒன்று விழுங்கி, இரண்டுக்கும் ஆதரவு சரிசமமாக இருந்தால் சிறியதை விட்டுவிடலாம். மிஞ்சுவதை மூடிய கோலம் என்பார்கள். 2003இல் சிஃபெங் யான், ஜியாவெய் ஹான், ரமின் அஃப்ஷார் ஆகியோர் குளோஸ்பான் என்ற முறையை இதற்காகவே கொடுத்தார்கள். ஃபிலிப் ஃபூர்னியே-விஜே உருவாக்கிய எஸ்பிஎம்எஃப் என்ற இலவச மென்பொருளில் அது தயாராகவே இருக்கிறது. ஒவ்வொரு பில்லின் முடிவிலும் கழித்தல் ஒன்று, ஒவ்வொரு ஆளின் முடிவிலும் கழித்தல் இரண்டு என்று எண்களாக எழுதிக் கொடுத்தால் போதும்.

இங்கே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பெயர்களைத் திருத்துவதற்கு முன்பு இதே மூடிய கோலத்தை ஓட்டியிருந்தேன், பட்டியல் பெரிதாகக் குறையவில்லை. திருத்திய பிறகு சடாரென்று சுருங்கியது. காரணம் யோசித்தால் எளிது. ஆடிக்கூழ்ச் சங்கிலி முழுவதையும் 31 வீடு செய்திருக்கிறது என்று வைப்போம். அதில் ஒரு வீடு இரண்டு பெயராக உடைந்து, அரிசி ஒரு பெயரிலும் மீதி மற்றப் பெயரிலும் விழுந்தால், முழுச் சங்கிலிக்கு 30, அரிசி இல்லாத துண்டுக்கு 31. ஒரேயொரு வித்தியாசம். ஆனால் சரிசமம் இல்லை என்பதால் இரண்டு கோலமும் பட்டியலில் தங்கிவிடும். ஒரு பெயர்ப் பிழை மேலே போய் நாலைந்து போலிக் கோலமாகக் குட்டி போடுகிறது. முடிவில் இரட்டை அதிகம் என்று முடிவை வடிகட்டிக்கொண்டு இருந்தேன், அழுக்கு கீழே கிணற்றில் இருந்தது.

இன்னொரு சில்லெடுப்பு, ஒரு நாள் என்றால் என்ன என்பது. பயறு காலையில், மறந்துபோன பனங்கட்டி பின்னேரம். இது வரிசையா, ஒரே கொள்வனவா? கணக்கில் இந்த இரண்டும் ஒன்றல்ல. 'பயறும் பனங்கட்டியும்' என்ற பதிவுக்குள் 'பயறு, பிறகு பனங்கட்டி' அடங்காது. அதே இரட்டையர் அகர்வாலும் ஸ்ரீகாந்தும் 1996இல் கொடுத்த ஜிஎஸ்பி முறையில் ஒரு நகரும் சாளரம் உண்டு, அதற்குள் வரும் பில்களை ஒன்றாகவே பார்க்கலாம். நான் ஒரு நாளின் பில்களை எல்லாம் ஒன்றாக்கிவிட்டேன். உடனே ஒரே நாளில் வரும் 'பாணுக்குப் பிறகு பாண்' செத்துவிட்டது. பாணுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தேன். அழகான தீர்வு இல்லை என்று தெரியும், கடையும் அழகான கடை இல்லை.

திருத்திய பதிவை ஓட்டியபோது கற்பூரமும் கருவாடும் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன. ஐந்து பேருக்குக் குறைந்தால் காட்டாதே என்று வைத்திருந்தேன், ஐந்துகூட வரவில்லை. ஆனால் அந்த ஆறு பேர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பழைய பதிவிலிருந்து ஆறு வரிசையையும் தோண்டி எடுத்து ஒரு தாளில் அடித்து அப்பாவிடம் கொடுத்தேன். நான்கு பேர் என் தளர்ந்த வரம்பில் ஒட்டவைக்கப்பட்டவர்கள். கோயில் மணி ஐயாவும் லொறி மணியண்ணையும், இரண்டு தேவி, ஒரு மாமியும் மருமகளும், அப்புறம் ஒரே பெயரில் இரண்டு ராசன். ஐந்தாவது சந்தியில் உள்ள சாப்பாட்டுக்கடை. சாமிப்படத்துக்குக் கற்பூரம், சமையலுக்குக் கருவாடு, அதில் பிழை ஒன்றும் இல்லை.

ஆறாவது பெயரில் அப்பாவின் விரல் நின்றது. ஒரு பெயர், ஒரு கணக்கு, கொப்பியோடும் ஒத்துப்போகிறது. நான்கு வருடமும்.

"இதை நீ ஆருக்கும் காட்டினனியே?"

"இல்லையப்பா."

"அப்ப இந்தப் பேரை வெட்டிவிடு."

"அது இரட்டை இல்லை. சரியான பதிவு."

"தெரியும். அதாலதான் வெட்டச் சொல்லுறன்."

தாளை நாலாக மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு விளக்கை அணைக்கப் போனார். நான் அன்றிரவு அந்தப் பெயர் இருந்த இடத்தில் ஓர் எண்ணைப் போட்டேன். பிறகு மற்ற 286 பெயருக்கும் எண் போட்டேன். கருவாட்டுப் பெட்டி திருவிழா முடியும்வரை பின்னறையில்தான் இருந்தது. அந்த அறையின் திறப்பு எங்கே தொங்கும் என்று இப்போது எனக்கும் தெரியும்.